ரவுண்டு முடிஞ்ச உடனே எழுதிடு: பாக்ஸிங் ஜட்ஜா புதுசா உட்கார்றவங்களுக்கு

நான் முதல் தடவ ஜட்ஜ் நாற்காலில உட்கார்ந்தப்ப எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தரல. கிளப்புக்குள்ள நடந்த சின்ன போட்டி, வரவேண்டிய ஒருத்தர் வரல, "நீதான் இத்தன வருஷமா பாக்குறியே, உட்காரு"ன்னு வாத்தியார் அட்டையும் பேனாவும் கையில திணிச்சிட்டு போயிட்டார். மூணாவது பவுட்ல (ஒரு ஜோடி மோதுற ஒரு சண்டைய பவுட்னு சொல்லுவோம்) ஒரு பையன் கைய வீசுறப்பெல்லாம் கூட்டம் கூரை பிச்சுக்கிற மாதிரி கத்துச்சு, நானும் அவனுக்கே ரெண்டு ரவுண்டு போட்டேன். ராத்திரி ஒருத்தர் போன்ல எடுத்த வீடியோவ சத்தத்த குறைச்சு வெச்சு பாத்தா, அவன் வீசுனதுல பாதிக்கு மேல எதிராளியோட முழங்கைலயும் க்ளவுஸ்லயும்தான் பட்டிருக்கு. சத்தமில்லாம நின்னு ஜாப் (முன்கையால நேரா போடுற குத்து) போட்டுட்டு இருந்த இன்னொரு பையன்தான் ஜெயிச்சிருக்கணும். 2-1ன்னு வந்த தீர்ப்பு, அந்த 2ல ஒண்ணு நான். எனக்கு யாரும் காசு கொடுக்கல, அந்த ரெண்டு பசங்கள்ல யாரையும் முன்னபின்ன தெரியாது, ஆனாலும் ஒருத்தனுக்கு அநியாயம் பண்ணிட்டேன்.

பாக்ஸிங்ல தப்பா தீர்ப்பு வந்தா உடனே "காசு வாங்கிட்டான்"னு சொல்லிடுவோம். அதுவும் நடக்குது, கீழ சொல்றேன். ஆனா நம்ம லெவல்ல, அதாவது கிளப் போட்டி, ஸ்கூல் போட்டி, ஊர் திருவிழா போட்டி, இதுலலாம் நான் பாத்த வரைக்கும் தப்பு நடக்குற இடம் வேற. மணி அடிச்சதுக்கும் பேனா அட்டைல படுறதுக்கும் நடுவுல ஒரு இருபது செகண்டு இருக்கு பாருங்க, அங்கதான். அந்த இருபது செகண்டுல நீங்க கூட்டத்த பாக்குறீங்க, பக்கத்து ஜட்ஜ் மூஞ்சிய பாக்குறீங்க, கார்னர்ல (பாக்ஸரோட மூலைல) வாத்தியார் கைதட்டுறத பாக்குறீங்க, கடைசியா விழுந்த குத்து மட்டும் மனசுல நிக்குது. இந்த இருபது செகண்ட எப்படி ஒழிக்குறதுன்னுதான் இந்த கட்டுரை பூரா.

முதல்ல ஒண்ணு. மாநில, தேசிய போட்டில ஜட்ஜா உட்காரணும்னா பரீட்சை எழுதி பாஸ் பண்ணி சர்டிபிகேட் வாங்கணும், இத படிச்சிட்டு நேரா அங்க போய் உட்கார முடியாது. இது என்னை மாதிரி திடீர்னு இழுத்து உட்கார வெச்சவங்களுக்கும், போட்டி நடத்துற கிளப்காரங்களுக்கும்.

மார்க் போடுறது எப்படி

ஒலிம்பிக் பாணில (அமெச்சூர்னு சொல்லுவோமே) பெரியவங்களுக்கு மூணு ரவுண்டு, ஒரு ரவுண்டு மூணு நிமிஷம். ஒவ்வொரு ரவுண்டுலயும் ஜெயிச்சவருக்கு 10. தோத்தவருக்கு நெருக்கமான ரவுண்டுன்னா 9, தெளிவா தோத்திருந்தா 8, ஒண்ணுமே செய்ய முடியாம வாங்கிட்டே இருந்தா 7. 10-10 கிடையாது, யாரையாவது ஒருத்தர சொல்லியே ஆகணும்.

எத வெச்சு சொல்றது? முதல்ல தரமான குத்து எத்தனன்னு பாக்கணும். மூடுன கைமுட்டி பக்கம், தலையோட முன்பக்கமோ பக்கவாட்டுலயோ, இல்லன்னா பெல்ட்டுக்கு மேல உடம்புல, தடுப்புல படாம நேரா விழணும். முன்னாடியெல்லாம் க்ளவுஸ்ல அந்த முட்டி பகுதிய வெள்ளையா விட்டிருப்பாங்க, எது படுதுன்னு தெரியணும்னே. திறந்த கையால தட்டுறது, முதுகுல பின்மண்டைல விழுறது இதெல்லாம் கணக்குல வராது. குத்து கிட்டத்தட்ட சமமா இருந்தா, யார் ஆட்டத்த தன் பக்கம் இழுத்தாங்க, யாரோட டெக்னிக்கும் யோசனையும் மேல நின்னுச்சுன்னு பாக்கணும். அதுவும் சமம்னா யாரு விடாம மல்லுக்கு நின்னாங்கன்னு பாக்கலாம்.

டிவில புரோ பாக்ஸிங் பாத்து வளந்தவங்க மாட்டிக்குற இடம் ஒண்ணு இருக்கு. புரோல ஒருத்தர் கீழ விழுந்தா பொதுவா 10-8 போட்டுடுவாங்க. அமெச்சூர்ல விழுந்ததுக்குன்னு தனியா எக்ஸ்ட்ரா மார்க் கிடையாது, அத விழவெச்ச குத்தும் ஒரு நல்ல குத்து, அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம் ஐம்பது செகண்டு அடி வாங்கிட்டு கடைசில ஒரு தடவ விழவெச்சதுக்காக ரவுண்ட தூக்கி கொடுத்துடாதீங்க.

ரெஃபரி வார்னிங் கொடுத்தா வாங்குனவரோட மொத்தத்துல ஒரு மார்க் குறையும். இத மறந்துட்டு கூட்டிப்போட்டு அப்புறம் அடிச்சு திருத்துற அட்டைகள நிறைய பாத்திருக்கேன், அதனால வார்னிங் வந்த உடனே ஓரமா ஒரு "வா" போட்டு வெச்சுக்கங்க.

மூணு ரவுண்ட கூட்டுனா சில சமயம் சமமாகும். சிகப்பு மூலைல நிக்குற பாக்ஸர சிகப்புன்னும் நீல மூலைல நிக்குறவர நீலம்னும் சொல்லுவோம்; சிகப்புக்கு ரெண்டு ரவுண்டு 10-9, நீலத்துக்கு ஒரு ரவுண்டு 10-8ன்னா 28-28. அப்ப நீங்க ஒரு பேர சொல்லணும். அதுக்கு அப்புறம் உட்கார்ந்து யோசிக்காதீங்க, மூணாவது ரவுண்டு மணி அடிச்ச உடனே மனசுல யாருன்னு முடிவு பண்ணி வெச்சுடுங்க.

அந்த மேரி கோம் கணக்கு

போட்டி நடத்துறவங்க எல்லாரும் புரிஞ்சுக்க வேண்டிய கணக்கு இது, ஏன்னா இது தெரியாததாலயே பாதி சண்டை வருது. 2021 ஜூலை, டோக்கியோ ஒலிம்பிக், 51 கிலோ. மேரி கோம் எதிர்ல கொலம்பியாவோட இங்ரிட் வாலென்சியா. ரெண்டாவது ரவுண்டும் மூணாவது ரவுண்டும் 3-2ன்னு மேரி பக்கம். முதல் ரவுண்டு மட்டும் 4-1 வாலென்சியா. மூணுல ரெண்டு ரவுண்டு ஜெயிச்சவங்க எப்படி தோத்தாங்கன்னு ஊரே கேட்டுச்சு. மேரியும் முதல்ல தான் ஜெயிச்சதாதான் நினைச்சாங்க.

இப்ப விரல் விட்டு எண்ணுங்க. அஞ்சு ஜட்ஜ், மூணு ரவுண்டு, மொத்தம் பதினஞ்சு ஓட்டு. வாலென்சியாவுக்கு 4+2+2, எட்டு. மேரிக்கு 1+3+3, ஏழு. தீர்ப்பு ரவுண்டு கணக்குல வராது, ஒவ்வொரு ஜட்ஜும் தன் அட்டைய மொத்தமா கூட்டி ஒரு ஆள சொல்லுவாரு, அப்படி கூட்டினப்ப மூணு அட்டை வாலென்சியா, ரெண்டு அட்டை மேரி. அந்த ரவுண்டுகள மேரிக்கு போட்டிருக்கணுமா வாலென்சியாவுக்கு போட்டிருக்கணுமான்னு விடிய விடிய பேசலாம், ஆனா கூட்டல்ல தப்பு இல்ல. உங்க போட்டி ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே எல்லா கார்னருக்கும் இத ஒரு தடவ சொல்லிடுங்க. சொல்லாம விட்டீங்கன்னா மைக்க புடிங்கிட்டு கேள்வி கேப்பாங்க, கேக்குறதும் நியாயம்தான்.

வீட்டுல பழகுறது

பத்து பவுட் வீடியோ எடுத்துக்கங்க. சத்தத்த சுத்தமா நிறுத்துங்க. கமென்ட்ரி சொல்றவர் குரல் உங்க அட்டைய உங்களுக்கு தெரியாமலே எழுதிடும், அதோட க்ளவுஸ் முழங்கைல படுற "பட்"டுன்னு சத்தம்தான் காதுக்கு பெருசா கேக்கும், விலா எலும்புல இறங்குற நல்ல குத்து பெரும்பாலும் சத்தமே போடாது. சத்தம் இல்லாம பாத்து ரவுண்டுக்கு ரவுண்டு எழுதுங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே வீடியோவ மறுபடி பாத்து, பழைய அட்டைய பாக்காம திரும்ப எழுதுங்க. ரெண்டு அட்டையும் எங்க மாறுதோ அங்கதான் உங்க கண்ணு தடுமாறுது. எனக்கு முன்னால முன்னால போய் மிரட்டுற ஆளுங்கள புடிக்கும்னு இப்படித்தான் கண்டுபுடிச்சேன், பின்னால நகர்ந்துகிட்டே எதிர்குத்து போடுறவங்கள நான் வருஷக்கணக்கா ஏமாத்தியிருக்கேன்.

பழகுறதுக்கு ஒரு பவுட் கட்டாயம் பாருங்க. 1988 சியோல் ஒலிம்பிக், 71 கிலோ ஃபைனல், அமெரிக்காவோட ராய் ஜோன்ஸ், கொரியாவோட பார்க் சி-ஹன். குத்து எண்ணுனவங்க கணக்குப்படி ஜோன்ஸ் 86, பார்க் 32. தீர்ப்பு 3-2ன்னு பார்க்குக்கு போச்சு. அந்த ஒலிம்பிக்லயே சிறந்த பாக்ஸர்ங்குற விருது தோத்துப்போன ஜோன்ஸுக்கே கொடுத்தாங்க, அதுலயே தெரிஞ்சுக்கலாம். பல வருஷம் கழிச்சு, 2023ல, பார்க்கே அமெரிக்காவுக்கு போய் அந்த தங்க மெடல ஜோன்ஸ் கைல கொடுத்துட்டு வந்தாரு, பாவம் அந்த மனுஷனும் முப்பத்தஞ்சு வருஷமா அத சுமந்துட்டு இருந்திருக்காரு. ஜெயிச்சதா அறிவிக்கப்பட்டவனுக்கும் தப்பு தீர்ப்பு தண்டனைதான்னு யாரும் யோசிக்குறதில்ல.

ரிங்கு பக்கத்துல உட்கார்ந்த பிறகு

க்ளவுஸ பாக்காதீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற இடத்துல கண்ண நிறுத்தி, குத்து போய் சேர்ற இடத்த பாருங்க. நல்ல குத்து வாங்குன தல பின்னால போகும், தோள் திரும்பும், கால் ஒரு அரை அடி நகரும். கைய பாத்துட்டே இருந்தா வீசுறதெல்லாம் விழுந்த மாதிரியே தெரியும். ஒரே ஆள பாத்துட்டு இருக்கோமான்னு அப்பப்ப நீங்களே கேட்டுக்கணும், தெரிஞ்ச பையன், உயரமான பையன், கலர் ஷார்ட்ஸ் போட்ட பையன், கண்ணு அங்கயே போய் ஒட்டிக்கும்.

மூணு நிமிஷத்த மூணா வெட்டுங்க. ஒவ்வொரு நிமிஷம் முடியறப்பவும் யாரு முன்னாடி இருக்காங்கன்னு விரல்ல வெச்சுக்கலாம், சிகப்புன்னா கட்டை விரல மடக்கு, நீலம்னா சுண்டு விரல மடக்கு, இந்த மாதிரி உங்களுக்கு எது வருதோ அது. ஏன்னா கடைசி அரை நிமிஷத்துல பாய்ஞ்சு பாய்ஞ்சு அடிச்சு ரவுண்ட திருடுறது ஒரு வித்த, நல்ல வாத்தியாருங்க கார்னர்லருந்து அத சொல்லித்தான் கொடுப்பாங்க, அது அவங்க வேல. மொத ரெண்டு நிமிஷத்த மறக்காம இருக்குறது உங்க வேல.

மணி அடிச்சுதா, தலைய குனிஞ்சு எழுதுங்க. எழுதிட்டு நிமிருங்க. எழுதுனத திருத்தாதீங்க. அடுத்த ரவுண்டுல "போன ரவுண்டு அவனுக்கு கொஞ்சம் அநியாயமா போயிடுச்சோ, இதுல சரிக்கட்டிடலாம்"னு ஒரு எண்ணம் வரும், எல்லாருக்கும் வரும், அப்படி சரிக்கட்டுனா ரெண்டு ரவுண்டு தப்பாகும். போன ரவுண்டு செத்துப்போச்சு, விட்டுடுங்க.

போட்டி நடத்துறவங்க செய்ய வேண்டியது

இதுதான் பெரிய வேல, இங்கதான் யாரும் மெனக்கெடுறதில்ல. ஜட்ஜுக்கு எவ்வளவு நல்ல கண்ணு இருந்தாலும் அவர தப்பான எடத்துல உட்கார வெச்சா ஒண்ணும் நடக்காது.

நாற்காலி. அஞ்சு ஜட்ஜ் கிடைச்சா நாலு பக்கமும் பிரிச்சு போடுங்க, மூணுன்னா மூணு பக்கம். ரெண்டு பேர் ஒட்டி உட்கார்ந்தா அது ஒரு ஜட்ஜுதான், பேசிப்பாங்க. கூட்டத்துக்கும் ஜட்ஜுக்கும் நடுவுல ரெண்டு மீட்டராவது காலி விடுங்க. ஃபோட்டோ எடுக்குறவங்கள ஜட்ஜ் பக்கத்துல விடவே கூடாது. சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, 1999 மார்ச்ல நியூயார்க்ல லெனாக்ஸ் லூயிஸ் - ஹோலிஃபீல்டு ஹெவிவெயிட் டைட்டில் சண்டை, லூயிஸ் 348 குத்து போட்டாரு ஹோலிஃபீல்டு 130, கடைசில டிரான்னு அறிவிச்சாங்க. ஒரு ஜட்ஜ் 115-113ன்னு ஹோலிஃபீல்டுக்கே போட்டிருந்தாங்க, லூயிஸ் போட்டு துவைச்ச அஞ்சாவது ரவுண்டு உட்பட. அப்புறம் விசாரணைல அவங்க சொன்னது, ஃபோட்டோகிராபருங்க நடுவுல வந்து மறைச்சாங்கன்னு. உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கே அந்த கதி.

ஆள் தேர்வு. எந்த பவுட்டுக்கு எந்த ஜட்ஜுன்னு அன்னைக்கு காலைல எல்லா கிளப் வாத்தியாருங்க முன்னாடியும் சீட்டு குலுக்கி எடுங்க. சொந்த கிளப் பையன் ஆடுற பவுட்ல அந்த கிளப் ஆள் உட்காரக்கூடாது, சொந்தக்காரர் உட்காரக்கூடாது, ரிங்குல எதிர் கிளப்போட பழைய பகை இருந்தாலும் உட்காரக்கூடாது. வட சென்னைல பாக்ஸிங் "பரம்பரை"ன்னு சொல்ற குழு குழுவா பிரிஞ்சு நின்னு வளந்த விளையாட்டு, பழைய ஆளுங்க யார் யாரோட ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும், அத மறைக்காம முன்னாடியே சொல்லி ஒதுங்கிடுறது நல்லது. நான் போன ஒரு போட்டில (எதுன்னு சொல்லல) நடத்துனவரோட பையன் ஆடுன பவுட்டுக்கு மூணு ஜட்ஜையும் அவரே கைய காட்டி கூப்பிட்டாரு. பையன் நல்லாவே ஆடி நியாயமாதான் ஜெயிச்சான், ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் நம்பல.

யாரு ஜட்ஜ ஒதுக்குறாங்கங்குறது எவ்வளவு பெரிய விஷயம்னா, 2016 ரியோ ஒலிம்பிக்ல ஊழல் நடந்த வழியே அதுதான். அப்ப அஞ்சு பேர் எழுதுவாங்க, அதுல மூணு பேரோட அட்டைய மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுக்கும், பேருக்கு அது பாதுகாப்பு. அயர்லாந்தோட மைக்கேல் கான்லன் ரஷ்யாவோட நிகிடின்கிட்ட தோத்ததா அறிவிச்ச உடனே ஜட்ஜுங்கள பாத்து நடுவிரல காட்டிட்டு போனது உலகமே பாத்துச்சு. 2021ல ரிச்சர்ட் மெக்லாரன்ங்குற வக்கீல் நடத்துன விசாரணையோட அறிக்கை வந்தப்ப, சொன்னபடி கேக்குற ஆளுங்களா பாத்து வேணும்ங்குற பவுட்டுக்கு போட்டாங்கன்னு வெளிய வந்துச்சு. ஆக நாற்காலில உட்கார்றவருக்கு முன்னாடியே, அவர உட்கார வைக்குறவர் கைலதான் விஷயம் இருக்கு. ரியோவுக்கு அப்புறம் அஞ்சு அட்டையும் எண்ணுற முறை வந்துச்சு. இந்த லட்சணத்துக்கெல்லாம் சேத்துதான் அப்ப பாக்ஸிங்க நடத்துன உலக சங்கத்த (AIBA) 2019ல ஒலிம்பிக் கமிட்டி சஸ்பெண்டு பண்ணி, 2023ல ஒரேயடியா வெளிய தள்ளுச்சு.

ஸ்லிப். மூணு ரவுண்டுக்கும் ஒரே அட்டை கொடுக்காதீங்க. ரவுண்டுக்கு ஒரு துண்டு சீட்டு, ஜட்ஜ் பேர், பவுட் நம்பர், ரவுண்டு, சிகப்பு, நீலம், கையெழுத்து. மணி அடிச்ச முப்பது செகண்டுக்குள்ள ஒரு தம்பி போய் வாங்கி டேபிள்ல கொடுக்கணும். கைய விட்டு போயிடுச்சுன்னா திருத்த முடியாது, போன ரவுண்டு என்ன போட்டோம்னு பாத்து பாத்து இந்த ரவுண்டு போடவும் முடியாது. நான் முதல்ல சொன்ன அந்த இருபது செகண்டு தானா செத்துடும். பென்சில் வேணாம், பேனா.

மெஷின் வாங்கலாமான்னு யாராச்சும் கேப்பாங்க. சியோல் அசிங்கத்துக்கு அப்புறம் 1992 பார்சிலோனாலருந்து 2012 லண்டன் வரைக்கும் பட்டன் முறைதான் ஓடுச்சு. குத்து விழுந்தா ஜட்ஜ் பட்டன அமுக்கணும், அஞ்சு பேர்ல மூணு பேர் ஒரே செகண்டுக்குள்ள அமுக்குனாதான் பாயின்ட்டு. கேக்க நியாயமா இருக்கு இல்ல? ஆனா உடம்புல விழுற குத்து எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியாது, சரசரன்னு நாலு குத்து போட்டா அமுக்குறதுக்குள்ள முடிஞ்சிடும். பாக்ஸருங்க என்ன பண்ணாங்க, தூரமா நின்னு மூஞ்சிக்கு ஒத்தை ஒத்தையா தொட்டுட்டு ஓடி வர்ற ஆட்டத்துக்கு மாறிட்டாங்க. 2013ல அத தூக்கிட்டு 10 மார்க் முறைக்கு வந்தாங்க. இப்ப ஏஐ ஜட்ஜும் வருது, 2024 டிசம்பர்ல ரியாத்ல உசிக் - ஃபியூரி சண்டைக்கு கணக்குல சேராத மாதிரி ஒண்ணு வெச்சு பாத்தாங்க. வரட்டும். உங்க கிளப்புக்கு ரெண்டு ஸ்டாண்டு, ரெண்டு போன் போதும், எதிரெதிர் மூலைல வெச்சு பூரா பவுட்டையும் எடுத்துடுங்க.

ரெஃபரி. ஜட்ஜ மட்டும் சரி பண்ணா போதாது. 2012 லண்டன்ல நம்ம விகாஸ் கிருஷன் அமெரிக்காவோட எரால் ஸ்பென்ஸ 13-11ன்னு ஜெயிச்சாரு, நாமெல்லாம் கொண்டாடுனோம். சில மணி நேரத்துல அமெரிக்கா அப்பீல் போட்டு, மூணாவது ரவுண்டுல மட்டும் விகாஸ் ஒன்பது தடவ எதிராளிய கட்டிப் புடிச்சு வெச்சது, வேணும்னே வாய்க்கவசத்த துப்புனது, இதுக்கெல்லாம் ரெஃபரி வார்னிங் கொடுத்திருக்கணும்னு சொல்லி ஸ்பென்ஸுக்கு 15-13ன்னு மாத்திட்டாங்க. அதே போட்டில ஜப்பானோட ஷிமிசு, கடைசி ரவுண்டுல எதிராளிய ஆறு தடவ கீழ விழவெச்சும் ரெஃபரி நிறுத்தல, 22-17ன்னு தோத்ததா அறிவிச்சாங்க, அப்பீல்ல மாறி அவர் வெண்கலம் வரைக்கும் போனாரு, அந்த ரெஃபரிய ஊருக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டுலயும் தப்பு ஆரம்பிச்சது ரிங்குக்குள்ள நின்ன ஆள்கிட்ட. அதனால காலைல ரெஃபரியையும் ஜட்ஜுங்களையும் ஒண்ணா உட்கார வெச்சு, எத்தனாவது தடவ புடிச்சா வார்னிங்னு பேசி முடிவு பண்ணிக்கங்க, பவுட்டுக்கு பவுட்டு அளவு மாறக்கூடாது.

புகார் சொல்ல வழி. இது இல்லாததாலதான் பாக்ஸருங்க ரிங்குலயே பொங்கிடுறாங்க. 2014 இன்சியான் ஏசியன் கேம்ஸ்ல சரிதா தேவி கொரியாவோட பார்க் ஜி-னாகிட்ட தோத்ததா சொன்னாங்க, இந்தியா எதிர்ப்பு கொடுத்தும் எடுபடல, மெடல் கொடுக்குற மேடைல அழுதுகிட்டே வெண்கலத்த கழட்டி பார்க் கழுத்துல போட்டுட்டாங்க. அதுக்கு ஒரு வருஷம் தடை. எங்க போய் சொல்றதுன்னு ஒரு வாசல் தொறந்திருந்தா அந்தம்மா அங்க அழுதிருக்க வேண்டாம்.

உங்க போட்டில என்ன பண்ணலாம்னா, தீர்ப்பு சொல்லி அரைமணி நேரத்துக்குள்ள வாத்தியார் மட்டும், எழுத்துல, என்ன தப்புன்னு குறிச்சு கொடுக்கணும். அந்த பவுட்ல சம்பந்தமே இல்லாத மூணு பேர் வீடியோவ சத்தமில்லாம பாக்கணும், தனித்தனியா எழுதணும். மூணு பேரும் ஒரே மாதிரி எதிரா எழுதுனா மட்டும் மாத்துங்க, ரெண்டு பேர்னா தீர்ப்பு நிக்கும், ஏன்னா நெருக்கமான பவுட்ட எத்தன தடவ பாத்தாலும் பாக்குறவங்களுக்கு ஏத்த மாதிரி மாறிட்டேதான் இருக்கும். கூட்டல் தப்பா, ஸ்லிப் மாறிப்போச்சான்னா அத அங்கயே திருத்திடலாம், அதுக்கு வீடியோ தேவையில்ல.

ரவுண்டுக்கு ரவுண்டு மார்க்க வெளிய சொல்லலாமான்னு கேட்டா, டோக்கியோல கார்னருக்கு தெரியுற மாதிரி காட்டுனாங்க, பின்தங்குன ஆள் அடுத்த ரவுண்டுல அதுக்கேத்த மாதிரி ஆடலாம். ஆனா கிளப் போட்டில கூட்டம் ரொம்ப கிட்ட இருக்கும், முதல் ரவுண்டு மார்க்க பாத்துட்டு ஜட்ஜ் பேர சொல்லி கத்துவாங்க, அவரும் மனுஷன்தானே. அதனால நான் பவுட் முடிஞ்ச பிறகுதான் சொல்லுவேன், ஆனா எல்லா ஸ்லிப்பையும், எல்லா ஜட்ஜ் பேரோடவும், அன்னைக்கு சாயங்காலமே கிளப் சுவத்துல ஒட்டிடுவேன். முதல் தடவ ஒட்டுனப்ப மத்த ரெண்டு பேர விட்டு தனியா போயிருந்த ஸ்லிப் யாரோடதுன்னு கூட்டமா நின்னு தேடுனாங்க. என்னோடதுதான். ஒரு பொண்ணு ரெண்டாவது ரவுண்ட காட்டி, இத ஏன் அண்ணா நீலத்துக்கு போட்டீங்கன்னு கேட்டா, போன எடுத்து வீடியோவ ஓட்டி ரெண்டு பேரும் அங்கயே சுவத்துல சாஞ்சு நின்னு பாத்தோம். ரெண்டாவது நிமிஷத்துல நீலம் விலாவுல போட்ட மூணு குத்த காட்டுனேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "சரி, மூணாவது ரவுண்ட ஓட்டுங்க"ன்னா.